பாவம், சொல், சட்டம்: தன்பாலுறவு குறித்த கிறிஸ்தவ வேதவிளக்க விவாதமும் நீலகிரியின் தடங்களும்

வேதநூலை இறைவனின் வாக்காக ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு சமுதாயத்தின் மீதும் இரு பொறுப்புகள் உள்ளன. அவ்வாக்கைச் சிதையாமல் காப்பது ஒன்று. அதன் பொருளைப் பிழையின்றி உணர்வது மற்றொன்று. முதற்பொறுப்பில் ஒன்றுபட்டு நிற்பவர்களே இரண்டாவதில் பிரிந்து போவதைச் சமய வரலாறு நெடுகக் காண்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கிறிஸ்தவ உலகைப் பிளந்துவரும் தன்பாலுறவு குறித்த விவாதம் இதற்குத் தக்க சான்றாகும். விவாதிக்கும் இரு தரப்பினரும் ஒரே வசனங்களையே எடுத்துவைக்கின்றனர். ஒரே கிரேக்க, எபிரேயச் சொற்களையே ஆராய்கின்றனர். முடிவுகள் மட்டும் எதிரெதிராக அமைகின்றன.

இதனை முஸ்லிம் வாசகர் அறிய வேண்டிய தேவை என்ன? காரணங்கள் மூன்று. அவ்விவாதத்தின் ஒரு தரப்புக் கருத்து ஒரு கட்டத்தில் இந்தியச் சட்டமாகி, நம்மையும் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. அச்சட்டத்தைக் காக்க நீதிமன்றப் படியேறியவர்களுள் முஸ்லிம் அமைப்புகளும் இருந்தன. மேலும், அவ்விவாதத்தில் உருவான விளக்க முறைகள் இன்று திருக்குர்ஆன் விரிவுரைத் துறையிலும் நுழைந்துள்ளன. இம்மூன்றின் தடங்களையும் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் நீலகிரி மலையிலிருந்தே தொடங்கலாம்.

உதகையின் இரு ஆலயங்கள்

உதகமண்டலத்தின் காந்தல், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இந்துக்களும் கலந்து வாழும் பகுதி. இங்குள்ள குருசடித் திருத்தலம் தமிழகக் கத்தோலிக்கர் அனைவரும் அறிந்தது. இயேசு அறையப்பட்டதாகக் கிறிஸ்தவர் நம்பும் சிலுவையின் சிறு துணுக்கு எனப் போற்றப்படும் திருப்பண்டம் இங்கே பேணப்படுகிறது. ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்குச் சமவெளியிலிருந்தும் மக்கள் மலையேறி வருகின்றனர்.

அதே ஊரில் புனித ஸ்டீபன் ஆலயம் இருக்கிறது. சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில் 1829இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1830இல் கல்கத்தா ஆயரால் அர்ப்பணிக்கப்பட்ட ஆங்கிலிகன் ஆலயம் இது. இதன் உத்தரங்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டதாகும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவ்வாலயமும் அதன் பகுதியாயிற்று.

இவ்விரு ஆலயங்களும் வேதத்தை அணுகும் இரு முறைகளின் சின்னங்கள். கத்தோலிக்க முறையில் வேதம் தனித்து நிற்பதில்லை. திருச்சபையின் மரபு, ஆயர்களின் போதிக்கும் அதிகாரம், இயற்கைச் சட்டம் எனும் தத்துவக் கோட்பாடு ஆகியவை வசனத்தைச் சூழ்ந்து நின்று அதற்குப் பொருள் தருகின்றன. புராட்டஸ்டண்டு முறையில் வேதமே இறுதி அதிகாரம். ஆகவே ஒரு சொல்லின் பொருள் ஐயத்துக்கு உள்ளானால் அடித்தளமே அசைவதாகத் தோன்றும். நம் மரபில் இஜ்மாவுக்கும் தனிமனித ஆய்வுக்கும் இடையே நிலவும் உரசலை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

லோத்தின் ஊர்

விவிலியத்தில் இப்பொருள் குறித்து எடுத்தாளப்படும் இடங்கள் மிகச் சில. ஆதியாகமம் 19ஆம் அதிகாரம், லேவியராகமத்தின் இரு வசனங்கள் (18:22, 20:13), பவுலின் பெயரால் அமைந்த மூன்று நிருபங்களில் மூன்று இடங்கள், யூதாவின் நிருபத்தில் ஒரு வசனம் ஆகியவையே முதன்மையானவை. இயேசுவின் போதனைகளாக நற்செய்தி நூல்கள் தருவனவற்றுள் இதைப் பற்றிய நேரடிக் கூற்று இல்லை.

ஆதியாகமத்தின் வரலாறு நமக்கும் அறிமுகமானதே. வானவர் இருவர் லோத்தின் வீட்டுக்கு விருந்தினராக வருகின்றனர். சோதோம் நகரத்தார் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, அவர்களை 'அறியும்படி' வெளியே கொண்டுவரச் சொல்கின்றனர். நகரம் அழிக்கப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி, குருக்களிடையே நிலவிய இப்பழக்கத்தைக் கண்டித்துத் திருத்தந்தை ஒன்பதாம் லியோவுக்கு ஒரு நூல் எழுதியனுப்பினார். ஊரின் பெயர் ஒரு பாவத்தின் பெயராக நிலைபெற்றதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. அரபியில் லூத் (அலை) அவர்களின் பெயரிலிருந்து 'லிவாத்' எனும் சட்டச் சொல் பிறந்ததை இதனோடு ஒப்பிடலாம். இரு சமுதாயங்களிலும் ஒரு வரலாறு சுருங்கி ஒற்றைச் சொல்லாயிற்று.

1955இல் டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற ஆங்கிலிகன் குரு இச்சுருக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். 'அறிதல்' என்பதற்கான எபிரேய வினைச்சொல் பழைய ஏற்பாட்டில் 900 தடவைகளுக்கு மேல் வருகிறது. உடலுறவைக் குறிப்பது மிகச் சில இடங்களிலேயே என்று அவர் கணக்கிட்டார். அந்நியரை விருந்தினராக ஏற்றதே ஊராரின் கோபத்துக்குக் காரணம்; எனவே சோதோமின் பாவம் விருந்தோம்பலை மீறியதே என்றார். எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமமாகக் கர்வத்தையும், உணவு நிறைந்திருந்தும் ஏழைக்கு உதவாததையும் சொல்வது அவருக்குத் துணையாயிற்று.

எதிர்த்தரப்பு உடனே விடை கண்டது. அதே அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில், லோத்து தம் புதல்வியரைப் பற்றிப் பேசும்போது அதே வினைச்சொல் ஐயத்துக்கிடமின்றி உடலுறவையே குறிக்கிறது. எசேக்கியேலின் அடுத்த வசனமோ 'அருவருப்பு' பற்றியும் பேசுகிறது. இதன் பின்னர்ப் பெய்லியின் தரப்பில் நின்றவர்கள் வாதத்தை மாற்றிக்கொண்டனர். அங்கே நிகழவிருந்தது கூட்டு வன்கொடுமை. இருவர் விரும்பி மேற்கொள்ளும் உறவைப் பற்றி அவ்வரலாறு ஏதும் கூறவில்லை என்பது அவர்கள் புதிய நிலைப்பாடு. வத்திக்கானின் விவிலிய ஆணைக்குழுவே 2019இல் வெளியிட்ட ஆவணத்தில், ஆதியாகமம் 19 கண்டிப்பது அந்நியருக்கு எதிரான வன்முறையை என்ற விளக்கத்துக்கு இடமளித்தது. ஆனால் லேவியராகமத்தின் தடையை அது விலக்கவில்லை.

திருக்குர்ஆனில் இவ்வரலாறு வரும் இடங்களை (7:80-84, 11:77-83, 15:61-74, 26:160-175, 27:54-58, 29:28-35) இவ்விவாதத்தின் ஒளியில் மீண்டும் ஓதுவது பயன் தரும். விருந்தினரை அவமதிக்க ஊரார் முனைந்ததும் அங்குண்டு. வழிமறித்தலும் சபையில் தீமை புரிதலும் அங்குண்டு. பெண்களை விடுத்து ஆண்களை இச்சையோடு நாடியதும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளது. கிறிஸ்தவ அறிஞர்கள் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்திய காரணங்கள் இங்கே அருகருகே நிற்கின்றன. 2010இல் வெளிவந்த தம் நூலில் ஸ்காட் குகல் என்ற அமெரிக்க முஸ்லிம் ஆய்வாளர், லூத் (அலை) அவர்களின் சமுதாயம் அழிந்தது இறைத்தூதரை மறுத்ததாலும் வன்முறையாலுமே என்று வாதிட்டார். பெய்லியும் அவர்க்குப் பின் வந்தோரும் நடந்த பாதைதான் இது. 'இச்சையோடு' எனும் சொல்லை அவ்விளக்கம் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பதே பெரும்பான்மை அறிஞரின் மறுப்பு.

தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல்

விவாதத்தின் கூர்மையான பகுதி பவுலின் இரு கிரேக்கச் சொற்களைச் சார்ந்தது. 1 கொரிந்தியர் 6:9இல் இறையரசுக்கு உரியரல்லாதோரின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் 'மலக்கோய்', 'அர்செனகோய்தாய்' என்ற இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதற்சொல்லின் நேர்ப்பொருள் 'மென்மையானவர்'. மத்தேயு 11:8இல் மெல்லிய ஆடையைக் குறிப்பதும் இதே சொல்தான். இரண்டாவது சொல் 'ஆண்', 'படுக்கை' என்ற இரு சொற்களின் கூட்டு. பவுலுக்கு முன் எழுதப்பட்ட எந்தக் கிரேக்க நூலிலும் இக்கூட்டுச்சொல் காணப்படவில்லை.

தமிழ்நாட்டில் இச்சொற்கள் அடைந்த வடிவம் எண்ணிப் பார்க்கத்தக்கது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். பின்னர்ப் பப்ரிஷியஸ் முதலியோரின் மொழிபெயர்ப்புகள் வந்தன. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871இல் முழுமையடைந்த மொழிபெயர்ப்பே இன்றளவும் புராட்டஸ்டண்டு ஆலயங்களில் பெரிதும் வாசிக்கப்படுகிறது. அதில் 'மலக்கோய்' என்பது 'சுயபுணர்ச்சிக்காரர்' என்றும், 'அர்செனகோய்தாய்' என்பது 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்றும் ஆக்கப்பட்டுள்ளன. 'மென்மையானவர்' என்ற சொல், தனிமையில் தன் உடலால் இன்பம் துய்ப்பவராகப் பொருள்மாறி நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவைனாஸ் காலத்திலேயே 'மென்மை' என்பதற்கான லத்தீன் சொல்லுக்கு ஒழுக்க இறையியலில் இப்பொருள் வழங்கிவந்தது. ஐரோப்பிய மரபின் ஒரு விளக்கம் தமிழ்ச் சொல்லாகி உறைந்துவிட்டது எனலாம்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அதே சொல் 'பெண்தன்மையர்' என்ற பொருளில் வந்தது. 1946இல் வெளியான திருத்திய புதிய ஏற்பாட்டில் இரு கிரேக்கச் சொற்களும் இணைக்கப்பட்டு, 'ஹோமோசெக்ஷுவல்' என்ற ஒரே சொல்லால் பெயர்க்கப்பட்டன. இச்சொல்லோ 1860களின் இறுதியில் கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் உருவாக்கியது. பவுலுக்கு 1800 ஆண்டுகள் இளையது. செயலைக் குறித்த சொல் இருந்த இடத்தில் மனிதரின் இயல்பைக் குறிக்கும் சொல் வந்து அமர்ந்தது. 1971ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே குழுவினர் அதனை மாற்றினர். ஆயினும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை அச்சொல்லோடு வளர்ந்துவிட்டது.

அறிஞர்களின் வழக்கு இங்கிருந்து விரிகிறது. ஜான் பாஸ்வெல் 1980இல் இரண்டாவது சொல் ஆண் விபசாரகரைக் குறிப்பது என்றார். ராபின் ஸ்க்ராக்ஸ் 1983இல், பவுல் அறிந்தது சிறுவரைப் பயன்படுத்தும் கிரேக்க வழக்கத்தை மட்டுமே என்றார். டேவிட் ரைட் 1984இல் வலுவான மறுப்பொன்றை முன்வைத்தார். லேவியராகமம் 20:13இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஆண்', 'படுக்கை' என்ற இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. அவ்வசனத்திலிருந்தே பவுலின் கூட்டுச்சொல் பிறந்தது. ஆகவே பழைய தடை அப்படியே தொடர்கிறது என்பது அவர் வாதம். 2001இல் ராபர்ட் காக்னன் இவ்வாதத்தை விரிவான நூலாக்கினார். சொல்லின் உறுப்புகளைக் கொண்டு மட்டும் அதன் பொருளைத் துணிய இயலாது. வழக்கே பொருளைத் தரும் என்று டேல் மார்ட்டின் போன்றோர் ஐயம் எழுப்பினர். 'லுகத்', 'சியாக்' எனும் அகராதிப் பொருளும் சூழற்பொருளும் பற்றி நம் விரிவுரையாளர்கள் நடத்திய விவாதங்களை இது நினைவூட்டும்.

'இயற்கை' சட்டமாகிறது

பவுலின் மற்றோர் இடம் ரோமர் 1:26-27. அங்கே 'இயற்கைக்கு மாறாக' என்ற பொருள்தரும் தொடர் வருகிறது. இத்தொடரைக் கிரேக்கத் தத்துவத்தோடு இணைத்து, பிள்ளைப்பேற்றுக்கு வாய்ப்பில்லாத புணர்ச்சிகள் இயற்கை ஒழுங்குக்கே எதிரானவை என்ற கோட்பாட்டை அக்குவைனாஸ் வகுத்தார். பவுலே அதே நிருபத்தின் 11:24இல், காட்டு ஒலிவக் கிளையை இறைவன் நல்ல மரத்தில் ஒட்டவைத்ததை 'இயற்கைக்கு மாறானது' என்கிறார் என்று இன்றைய அறிஞர் சிலர் சுட்டுகின்றனர். சூழல்கள் வேறு, ஒலிவமரத்தைக் கொண்டு உடலைப் பற்றிய பேச்சை அளக்க முடியாது என்பர் மறுதரப்பினர். இங்கு நம் கவனத்துக்கு உரியது அச்சொல்லின் பயணம்.

இங்கிலாந்தில் 1533 வரை இக்குற்றம் திருச்சபை நீதிமன்றங்களின் ஆளுகையில் இருந்தது. அவ்வாண்டு எட்டாம் ஹென்றி அதை அரசின் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினார். கிறிஸ்தவரிடையே பெயர் சொல்லவும் தகாதது என்பதே ஆங்கிலச் சட்ட ஏடுகளில் அதற்கு வழங்கிய அடைமொழி. 1835 நவம்பரில் லண்டனில் இருவர் இதற்காகத் தூக்கிலிடப்பட்டனர். இங்கிலாந்தில் இக்குற்றத்துக்கான கடைசி மரண தண்டனை அதுவே.

அதற்கு முந்தைய ஆண்டு, 1834 ஜூனில், தாமஸ் பாபிங்டன் மெக்காலே சென்னையில் வந்திறங்கினார். தலைமை ஆளுநர் பெண்டிங் பிரபு அப்போது நீலகிரியில் தங்கியிருந்ததால், மெக்காலே பல்லக்கில் மைசூர் வழியாக உதகைக்குப் பயணமானார். புனித ஸ்டீபன் ஆலயம் அப்போது மிகப் புதியது. அந்தக் கோடையும் மழைக்காலமும் அவருக்கு இம்மலையிலேயே கழிந்தன. சட்டத்தொகுப்பை அவர் இங்கே எழுதவில்லை. அப்பணி சட்ட ஆணையத்தின் தலைவராகக் கல்கத்தாவில் நடந்து, 1837இல் வரைவாக முடிந்தது. வரைவின் 361, 362ஆம் விதிகள் 'இயற்கைக்கு மாறான இச்சை' பற்றியவை. மற்ற விதிகளுக்கெல்லாம் நீண்ட விளக்கம் எழுதிய மெக்காலே, இவற்றைப் பற்றி இயன்றவரை பேசாதிருத்தலே நன்று என ஒதுங்கிக்கொண்டார். விளக்கமின்றி நுழைந்த அக்கருத்து, பின்னர்த் திருத்தங்களுக்கு உட்பட்டு, 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவாயிற்று. 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை அது விதித்தது. அத்தொடரில் ஒலிப்பது பவுலின் சொல்லும் அக்குவைனாஸின் தத்துவமும் ஆகும்.

இச்சட்டம் வருமுன் என்ன இருந்தது? திப்பு சுல்தான் 1799இல் ஷஹீதான பின் நீலகிரி கம்பெனியின் கைக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் உள்நாட்டு நீதிமன்றங்களில், பலவாறு திருத்தப்பட்ட வடிவிலேனும், இஸ்லாமியக் குற்றவியல் சட்டமே அடிப்படையாக இருந்தது. காஜிகளும் முஃப்திகளும் சட்ட அலுவலர்களாக அமர்ந்திருந்தனர். மர்கீனானீயின் 'ஹிதாயா' 1791இல் சார்லஸ் ஹாமில்டனால் ஆங்கிலமாக்கப்பட்டு நீதிபதிகளின் கைகளில் இருந்தது. இக்குற்றத்தைப் பற்றி அந்நூல் தரும் விளக்கம் நுண்மையானது. இச்செயல் பெரும்பாவம் என்பதில் இமாம்களிடையே வேறுபாடு இல்லை. தண்டனையில் வேறுபாடு உண்டு. இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது இருவரும் விபசாரத்துக்குரிய 'ஹத்' இதற்கும் உண்டென்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதை ஏற்கவில்லை. இச்செயலை மொழி 'ஸினா' என்று அழைப்பதில்லை. நபித்தோழர்களே இதன் தண்டனையில் கருத்து வேறுபட்டனர். எனவே வரையறுக்கப்பட்ட தண்டனையை ஒப்புமை கொண்டு நீட்டிக்கலாகாது. நீதிபதியின் தீர்ப்புக்குட்பட்ட 'தஃஸீர்' மட்டுமே என்றார். ஒரு சொல்லின் எல்லையை மதித்ததால் தண்டனையின் எல்லை சுருங்கியது. பாவத்தின் தன்மை மாறவில்லை. பாவம் வேறு, குற்றம் வேறு, அதனை நிறுவும் சான்று வேறு என்ற பகுப்பு அங்கே தெளிவாக இருந்தது.

1862இல் அந்தச் சட்ட மரபு முழுவதும் அகற்றப்பட்டது. 1864இல் காஜி, முஃப்தி பதவிகளும் நீதிமன்றங்களிலிருந்து நீக்கப்பட்டன. ஆக, 377ஆம் பிரிவு எந்தச் சட்டத்தொகுப்பில் இருந்ததோ, அதே தொகுப்புதான் இஸ்லாமியக் குற்றவியலை இந்தியாவில் முடிவுக்குக் கொண்டுவந்தது.

திருச்சபைகளின் பிரிவு

இங்கிலாந்தில் சட்டத்தை மாற்றும் முயற்சிக்குத் திருச்சபையினரே முன்னின்றனர் என்பது பலரும் அறியாத செய்தி. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்க நலக்குழு 1954இல் இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. பெய்லி அக்குழுவில் பணியாற்றியவர். 1957இல் வுல்ஃபெண்டன் குழு, தனிமையில் வயதுவந்தோர் இசைந்து செய்வதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை எனப் பரிந்துரைத்தது. காண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே இச்செயலைப் பாவமென்றே கருதினார். ஆயினும் 1965இல் பிரபுக்கள் சபையில் சட்டத் திருத்தத்தை ஆதரித்தார். எல்லாப் பாவங்களையும் குற்றமாக்குவது அரசின் வேலையன்று என்பது அவர் வாதம். 1967இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவில் அவர்கள் விட்டுச்சென்ற சட்டம் அப்படியே நின்றது.

அடுத்த கட்டத்தில் கேள்வி மாறியது. குற்றமா என்பது போய், பாவமா என்ற கேள்வி எழுந்தது. 1998இல் காண்டர்பரியில் கூடிய லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிகன் ஆயர்கள், தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என 526 வாக்குகளால் தீர்மானித்தனர். எதிராக 70 வாக்குகள், நடுநிலை 45. ஆசிய, ஆப்பிரிக்க ஆயர்களின் ஆதரவே அத்தீர்மானத்தின் பெரும்பலம். அதே தீர்மானம் தன்பால் ஈர்ப்புடையோரின் அனுபவத்துக்குச் செவிசாய்க்கவும் கேட்டுக்கொண்டது. 2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஆண் துணையுடன் வாழ்ந்த ஜீன் ராபின்சன் ஆயராக்கப்பட்டதும் பிளவு வெளிப்படையாயிற்று.

தென்னிந்தியத் திருச்சபையின் நிலை இங்கே தனித்தன்மை வாய்ந்தது. ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எனப் பல மரபுகள் இணைந்து உருவானது அது. அம்மரபுகளின் பிரிட்டானியத் தாய்ச் சபைகள் இன்று வேறு திசையில் சென்றுவிட்டன. ஐக்கிய சீர்திருத்தச் சபை 2016இலும், பிரிட்டன் மெத்தடிஸ்ட் சபை 2021இலும், ஸ்காட்லாந்துத் திருச்சபை 2022இலும் ஒருபாலினத் திருமணத்துக்கு வழிவிட்டன. வேதத்தைக் கொண்டுவந்தவர்களின் பேரர்கள் பொருளை மாற்றிக்கொண்டனர். பெற்றவர்கள் பழைய பொருளோடு நிற்கின்றனர். ஒரு தரப்பார் இவ்வுறவுகளை ஏற்பது மேலைநாட்டு இறக்குமதி என்கின்றனர். மறுதரப்பார் தடைதான் இறக்குமதி என்கின்றனர். 377ஆம் பிரிவின் வரலாறு இரண்டாமவரின் வாதத்தில் ஓர் உண்மை உண்டெனக் காட்டுகிறது; ஆனால் வேதத்தின் தடை பிரிட்டனை விடப் பழையது என்பதையும் மறுக்க இயலாது.

கத்தோலிக்கத் திருச்சபை, ஈர்ப்புக்கும் செயலுக்கும் இடையே கோடு வகுத்தது. 1992இன் மறைக்கல்வி நூல் செயலை ஒழுங்கற்றது என்கிறது. அவ்வீர்ப்புடைய மனிதரை மரியாதையோடு நடத்த வேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது என்கிறது. 2023 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், இது பாவமெனினும் குற்றமன்று, இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்றார். அவ்வாண்டு டிசம்பரில் வத்திக்கான், திருமணம் பற்றிய போதனையை மாற்றாமலே, இத்தகைய இணையர்க்கு வழிபாட்டுச் சடங்கு சாராத ஆசி வழங்க இசைந்தது. காந்தல் குருசடியில் மண்டியிடுவோரும் இந்நெடிய உரையாடலின் வாரிசுகளே.

நீதிமன்றத்தில் இரு சமுதாயங்கள்

2009 ஜூலை 2 அன்று டில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் இசைந்து தனிமையில் மேற்கொள்ளும் உறவை 377ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோருள் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம், அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, உத்கல் கிறிஸ்தவ மன்றம் ஆகியவையும், இந்து சமயத்தைச் சார்ந்த சிலரும் இருந்தனர். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவை மீட்டது. அப்போது மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், ஒருபாலினத் திருமணத்தைத் திருச்சபை ஏற்காது என்றபோதும், இவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை கருதியதில்லை என்றார். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013இன் தீர்ப்பைக் கவிழ்த்தது. 2023 அக்டோபரில் இத்தகையோருக்குத் திருமண உரிமை வழங்க அதே நீதிமன்றம் மறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கு நிகரான பிரிவே இல்லை.

தமிழகத்தில், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று காவல்துறைத் தொல்லைக்கு எதிராக ஆணையிட்டார். ஈர்ப்பை 'மாற்றும்' மருத்துவ முயற்சிகளுக்கும் தடை விதித்தார். ஏட்டு விவாதங்களின் மறுமுனையில் வீட்டுக்கு அஞ்சி ஓடும் பிள்ளைகளும், ஊருக்கு அஞ்சிக் கதவடைக்கும் பெற்றோரும் இருக்கின்றனர் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

நாம் பெறும் படிப்பினை

நம் மேடைகளில் சிலர், கிறிஸ்தவர்களின் இப்பிளவை அவர்கள் வேதம் திரிக்கப்பட்டதன் விளைவு என எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இது ஆராயாத கூற்று. 1 கொரிந்தியரின் அவ்விரு சொற்கள் எவை என்பதில் எவருக்கும் பிணக்கில்லை. அவற்றின் பொருளே பிணக்கு. வாக்கு பாதுகாக்கப்பட்டிருப்பதால் மட்டும் பொருள் பற்றிய உழைப்பு முடிந்துவிடாது என்பதற்கு நம் தஃப்ஸீர் நூல்களின் பெருக்கமே சாட்சி.

கிறிஸ்தவ அறிஞர்களிடமிருந்து நேர்மையான ஒரு தன்மையையும் நாம் கற்கலாம். ரிச்சர்டு ஹேஸ் என்ற அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் 1996இல் தடைக்கு ஆதரவான மிகவலுவான வாதத்தை எழுதியவர். 2025 ஜனவரியில் மறைவதற்கு முன், 2024இல் தம் மகனுடன் சேர்ந்து எழுதிய நூலில் தம் முடிவை மாற்றிக்கொண்டார். அந்த வசனங்களின் பொருளைத் தாம் தவறாகப் படித்ததாக அவர் சொல்லவில்லை. இறைவன் தன் மனத்தை மாற்றிக் கருணையை விரிவாக்குகிறான் என்பதே அந்நூலின் வாதம். இது நம் அகீதாவுக்கு உடன்பாடானதன்று. வஹீ நிறைவுற்ற பின் விதிவிலக்கு இல்லை என்பதே நம் நிலை. ஆனால் வசனம் சொல்வதை வசனம் சொல்கிறது என்று ஒப்புக்கொண்டே வேறு முடிவுக்குச் செல்வது, சொல்லை வளைப்பதைவிட வெளிப்படையானது. யாரோடு எங்கே வேறுபடுகிறோம் என்பது அப்போது தெளிவாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 377ஆம் பிரிவின் வரலாறு ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. நீதிமன்றத்தில் நாம் காக்க முனைந்தது எதை? திருக்குர்ஆனின் தடைக்கு அப்பிரிவு தேவைப்படவில்லை. அது வருமுன்பே தடை இருந்தது, அது போன பின்னும் இருக்கிறது. அப்பிரிவின் சொல் பவுலின் வழி வந்தது, தத்துவம் அக்குவைனாஸுடையது, கைகள் மெக்காலேயுடையவை. நம் ஃபிக்ஹு மரபோ நான்கு சாட்சிகளைக் கேட்டது, துருவி ஆராய்வதைத் தடுத்தது (49:12), பிறர் குறையை மறைப்பவர்க்கு மறுமையில் மறைப்பை வாக்களிக்கும் நபிமொழியைப் போற்றியது, பாவத்தை உறுதியாகப் பாவம் என்றது. அம்மரபை இடம்பெயர்த்த ஒரு சட்டத்தை நம் மரபின் அரணாகக் கருதிவிட்டோம்.

பாவத்தைப் பற்றிய தீர்ப்பும், அரசின் தண்டனையும், மனிதரிடம் காட்ட வேண்டிய நடத்தையும் தனித்தனிக் கேள்விகள். கிறிஸ்தவ உலகம் இவற்றை ஒன்றாக முடிந்து, அம்முடிச்சை அவிழ்க்க எழுபது ஆண்டுகளாகப் போராடுகிறது. நம் இமாம்கள் இவற்றை முன்பே பிரித்து வைத்தனர். அப்பிரிவினையின் அறிவு நம் வீடுகளுக்கு வந்துசேர்ந்தால், தடையை விட்டுக்கொடுக்காமலே ஒரு பிள்ளையின் உயிரையும் மானத்தையும் காக்கும் வழி பெற்றோருக்குத் தெரியவரும். அல்லாஹ் நன்கறிந்தவன்.